உங்க ஊர்ல என்ன ஸ்பெஷல் பாஸ்?

கடைசி பெஞ்சு – வாரா வாரம்



2023-ல் ஒரு சாயங்காலம். கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின். வழக்கம்போல நிக்கக்கூட இடமில்லாத கூட்டம். எனக்குப் பக்கத்துல ரெண்டு காலேஜ் பொண்ணுங்க. ரெண்டு பேரும் ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதுல மாட்டிக்கிட்டு பேசிட்டு வந்தாங்க.

“ஏய், நாளைக்கு ஆடிட்டோரியத்துல என்னமோ தமிழ்க் கனவாம்டி.”

“கனவா? அப்போ ஃபுல்லா தூங்கலாம்னு சொல்லு!”

“அட்டெண்டன்ஸ் எடுப்பாங்களாம்.”

“சரி, கெமிஸ்ட்ரி ரெக்கார்டு பாக்கி இருக்கு. அங்கேயே உட்கார்ந்து முடிச்சுடலாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நாமளும் இதே வேலையைப் பார்த்து வந்தவங்கதானே! மெதுவா பேச்சுக் கொடுத்தேன். ‘எந்த ஊர்ம்மா?’ன்னு கேட்டதுக்கு ஒரு பொண்ணு சொன்ன பதில்தான் இந்த வார மேட்டர்.

“வள்ளூர், அண்ணா. தெரியாதுல்ல? மீஞ்சூர் பக்கம். பவர் பிளான்ட் இருக்கே, அந்த ஊரு. வெளியில யாராச்சும் கேட்டா நான் சென்னைன்னே சொல்லிடுவேன்.”

“ஏன், உங்க ஊர்ல என்ன ஸ்பெஷல்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

“ஸ்பெஷலா?” பக்கத்துப் பொண்ணைப் பார்த்தாங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே சிரிச்சாங்க. “சாம்பல்தான் அண்ணா ஸ்பெஷல். மொட்டை மாடியில துணி காயப்போட்டா அதுலயும் இருக்கும்!”

வண்டி எண்ணூர் தாண்டி பாலத்து மேல போய்க்கிட்டிருந்தது. கீழே ஆறு. தண்ணி கறுப்பா, அசையாம கிடந்துச்சு. “இது என்ன ஆறுன்னு தெரியுமா?”ன்னு கேட்டேன்.

“ஆறா? பேக்வாட்டர்தானே அண்ணா?”

ஃப்ரெண்ட்ஸ், அது கொசஸ்தலை ஆறு. பழைய பேரு கொற்றலை ஆறு. உலகத்துல மனுஷனைப் பத்தி ஆராய்ச்சி பண்ற அத்தனை பேருக்கும் தெரிஞ்ச ஆறு. அது ஓடி முடியிற இடத்துல குடியிருக்கிற அந்தப் பொண்ணுக்குத் தெரியல. அது அவங்க தப்பும் இல்லை. பன்னெண்டு வருஷம் ஸ்கூல்ல ஹாரப்பா, பானிபட் யுத்தம், பிரெஞ்சுப் புரட்சி எல்லாம் படிச்சிருப்பாங்க. சொந்த ஊர் ஆத்துக்கு மட்டும் ஒரு பாடம்கூட இருந்திருக்காது.

அது என்ன ப்ரோக்ராம்?

அவங்க கிண்டல் அடிச்ச நிகழ்ச்சியோட முழுப் பேரு ‘மாபெரும் தமிழ்க் கனவு’. 2023 பிப்ரவரியில தமிழ்நாடு அரசு ஆரம்பிச்சது. நடத்தினது தமிழ் இணையக் கல்விக்கழகம். (2001-ல தமிழ் இணையப் பல்கலைக்கழகம்னு தொடங்கினாங்களே, அதேதான்.) மாவட்டம் மாவட்டமா பல கல்லூரி மாணவர்களை ஒரு ஹால்ல கூட்டி, எழுத்தாளர்கள், பேச்சாளர்கள், அதிகாரிகளைப் பேச வைக்கிறது இதோட ஐடியா. தமிழோட மரபு, சமூக சமத்துவம், பெண்கள் முன்னேற்றம், படிப்பு, வேலைவாய்ப்புன்னு தலைப்புகள். வந்தவங்க கையில ‘தமிழ்ப் பெருமிதம்’னு ஒரு குட்டிப் புத்தகமும் ஒரு உயர்கல்வி வழிகாட்டிக் கையேடும் கொடுத்தாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது பரிசு சமாச்சாரம். அந்தக் குட்டிப் புத்தகத்துல இருக்கிற குறிப்புகளைப் பத்தி நல்லா பேசுற மாணவருக்கு ‘பெருமிதச் செல்வன்’, மாணவிக்கு ‘பெருமிதச் செல்வி’ன்னு பட்டம். அதோட நிக்கல. பேச்சாளரைப் பார்த்து நல்ல கேள்வி கேட்டா ‘கேள்வியின் நாயகன்’, ‘கேள்வியின் நாயகி’! நம்ம ஊர்ல கேள்வி கேட்டா ‘உட்காருப்பா, டைம் இல்லை’ன்னு சொல்றதுதானே வழக்கம்? கேள்விக்குப் பரிசுன்னு சொன்னதுக்கே ஒரு விசில் அடிக்கலாம்.

இன்ஜினீயரிங் பசங்களுக்கு இன்னொண்ணும் வந்துச்சு. அண்ணா பல்கலைக்கழகம் 2022-23-ல முதல் வருஷத்துக்கு ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’னு ரெண்டு பேப்பர் கொண்டு வந்தது. ஆளுக்கொரு கிரெடிட். “ஒரு கிரெடிட்டுக்கு இவ்வளவு பில்டப்பா?”ன்னு அப்போ புலம்பினவங்க எனக்கே நாலு பேரைத் தெரியும்.

சரி, இதெல்லாம் நல்லதுதான். ஆனா ஹால்ல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து கைதட்டிட்டு, கொடுத்த புத்தகத்தை விசிறியா யூஸ் பண்ணிட்டு வந்தா அது வெறும் அட்டெண்டன்ஸ்தான். கேட்டதை எடுத்துட்டுப் போய் நம்ம தெருவோட, நம்ம ஆத்தோட பொருத்திப் பார்த்தாதான் அது நம்ம வரலாறு. எப்படிப் பொருத்துறது? வாங்க, அந்த கறுப்புத் தண்ணியிலயிருந்து மேல் பக்கமா, ஆத்தை எதிர்த்துக் கொஞ்சம் நடப்போம்.

28 வயசுப் பையன், ஒரு கல்லு

திருவள்ளூர் மாவட்டத்துல, பூண்டிக்குப் பக்கத்துல, கொசஸ்தலை ஆத்துப் படுகையில அதிராம்பாக்கம்னு ஒரு சின்ன ஊர். 1863-ல அங்கே ரெண்டு பேர் வந்தாங்க. ராபர்ட் புரூஸ் ஃபுட், வில்லியம் கிங். ரெண்டு பேருமே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில வேலை பார்த்தவங்க. பாறை, மண், கனிமம் பார்க்கிறதுதான் அவங்க டூட்டி.

அதே வருஷம் மே 30-ம் தேதி பல்லாவரத்துல ஃபுட் ஒரு கல்லைக் கையில எடுத்தார். பார்த்தா சாதாரணக் கல். ஆனா ரெண்டு பக்கமும் செதுக்கி, முனை கூராக்கின கல். கைக்கோடரி! இந்தியாவுல இவ்வளவு பழைய கற்காலம் ஒண்ணு இருந்துச்சுன்னு உலகத்துக்குச் சொன்ன கல் அதுதான். அந்த செப்டம்பர்லயே அதிராம்பாக்கத்துல கல் ஆயுதங்கள் கூட்டமா கிடைச்சுது. பிற்காலத்துல இந்த வகைக் கருவி மரபுக்குச் சென்னையோட பழைய பேரை வெச்சே ‘மெட்ராஸ் கைக்கோடரி மரபு’ன்னு பேர் வந்துடுச்சு.

அப்போ ஃபுட்டுக்கு வயசு எவ்வளவு தெரியுமா? 28. நம்ம எம்.பில். சீனியர் வயசு! அவருக்கு யாரும் இதைத் தேடச் சொல்லல. அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1859-ல, பிரான்ஸ்ல ஒரு ஆத்தங்கரையில கிடைச்ச கல் ஆயுதங்கள் நிஜமாவே ஆதி மனுஷன் செஞ்சதுதான்னு அறிஞர்கள் ஒத்துக்கிட்டாங்க. அதைத் தெரிஞ்சுக்கிட்டவர், ‘அங்கே இருந்தா இங்கேயும் இருக்கலாமே’ன்னு கீழே குனிஞ்சு பார்த்துக்கிட்டே நடந்தார். அவ்வளவுதான். அந்த வழியில எத்தனையோ பேர் போயிருப்பாங்க. அவங்க கால்லயும் அந்தக் கல் இடறியிருக்கும். ஆனா கேள்வியோட போனவர் இவர்தான்.

கல்லுக்கு வயசு பார்க்கிறது எப்படி?

1999-ல தொல்லியல் அறிஞர் சாந்தி பப்பு குழுவினர் அதிராம்பாக்கத்துல மறுபடி தோண்ட ஆரம்பிச்சாங்க. சென்னையில இருக்கிற சர்மா மரபுக் கல்வி மையம்தான் அவங்க இடம். அடுக்கடுக்கா, பல மீட்டர் ஆழம் வரைக்கும் போனாங்க. கிடைச்ச ரிசல்ட் 2011-ல ‘சயின்ஸ்’ இதழ்ல வந்தது. அடியில கிடைச்ச கைக்கோடரிகளோட வயசு சுமார் 15 லட்சம் வருஷம். எவ்வளவு குறைச்சு மதிப்பிட்டாலும் 10 லட்சத்துக்குக் கீழே வராது!

‘கல்லுல என்ன பர்த் சர்ட்டிஃபிகேட்டா ஒட்டியிருக்கு?’ன்னு கேக்குறீங்களா? நல்ல கேள்வி. சயின்ஸ் ஸ்டூடன்ட்ஸ் உஷாரா கேளுங்க. தரை மேல கிடக்கிற கல் மேல விண்வெளியிலயிருந்து வர்ற காஸ்மிக் கதிர்கள் விழுந்துக்கிட்டே இருக்கும். அது அந்தக் கல்லுல இருக்கிற குவார்ட்ஸுக்குள்ள பெரிலியம்-10, அலுமினியம்-26-னு ரெண்டு அபூர்வமான அணு வகைகளை உண்டாக்கும். கல் மண்ணுக்குள்ள ஆழமாப் புதைஞ்சுட்டா கதிர் எட்டாது, உற்பத்தி நின்னுடும். அப்புறம் ரெண்டும் மெதுவா அழிய ஆரம்பிக்கும். ஆனா ஒரே வேகத்துல இல்லை. அலுமினியம் பாதியா குறைய சுமார் 7 லட்சம் வருஷம், பெரிலியத்துக்கு சுமார் 14 லட்சம் வருஷம். இப்போ ரெண்டும் எந்த விகிதத்துல மிச்சம் இருக்குன்னு அளந்தா, கல் எப்போ புதைஞ்சதுன்னு கணக்குப் போட்டுடலாம். பிளஸ் டூ-ல அரை ஆயுள் கணக்கு போட்டோமே, அதேதான்! ‘இது எதுக்கு சார் யூஸ் ஆகும்?’னு அன்னிக்குக் கேட்டதுக்கு இதுதான் பதில்.

2018-ல ‘நேச்சர்’ இதழ்ல அதே குழு இன்னொரு கட்டுரை போட்டாங்க. மேல் அடுக்குகள்ல கிடைச்ச 7,200-க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ஞ்சதுல, பெரிய கோடரியை விட்டுட்டு, முன்கூட்டியே பிளான் பண்ணி சின்னச் சின்னச் சில்லு ஆயுதம் செய்யற டெக்னாலஜி இங்கே சுமார் 3,85,000 வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்குன்னு தெரிஞ்சது. அதுவரைக்கும் ‘இந்த டெக்னிக் ஒரு லட்சத்து சொச்சம் வருஷத்துக்கு முன்னாடிதான் இந்தியாவுக்கு வந்திருக்கும்’னு பலர் நினைச்சிட்டிருந்தாங்க. உலகப் பாடப்புத்தகத்துல ஒரு பக்கத்தையே திருத்தி எழுத வெச்சது நம்ம திருவள்ளூர் மாவட்ட மண்ணு!

கொஞ்சம் பொறுங்க, ஸ்டேட்டஸ் போடாதீங்க!

இதைப் படிச்ச உடனே ‘15 லட்சம் வருடத் தமிழன்டா!’ன்னு ஸ்டேட்டஸ் போட விரல் துடிக்குதா? இங்கேதான் பிரேக் போடணும்.

அந்தக் கோடரியைச் செஞ்சவங்க தமிழர் இல்லை. அதைவிட, நம்ம மனித இனமான ஹோமோ சேப்பியன்ஸே இல்லை! நம்ம இனத்தோட ரொம்பப் பழைய எலும்புகள் மொராக்கோ நாட்டுல கிடைச்சது. அதுக்கே வயசு சுமார் 3 லட்சம்தான். அதிராம்பாக்கத்துல மனித எலும்பு எதுவும் கிடைக்கல. அதனால செஞ்சது யாருன்னு பேர் வெச்சுச் சொல்ல முடியாது. தமிழ் எழுத்துக்கு நம்ம கையில இருக்கிற சான்று ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷம். 15 லட்சம் எங்கே, ரெண்டாயிரம் எங்கே!

அப்போ நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு பாஸ். ஆறும் அந்தக் கல்லும் இருந்ததால அவங்க இங்கே தங்கினாங்க. அதே ஆறு இருந்ததாலதான் நம்ம பாட்டன் பூட்டனும் இங்கே தங்கினாங்க. ஒரே வீட்டுல முன்னாடி குடியிருந்தவங்க மாதிரி. சொந்தக்காரங்க இல்லைதான், ஆனா வீடு ஒண்ணு. பழசைக் கண்டுபிடிச்சுக் காப்பாத்தி வெச்சதுல பெருமைப்படலாம். இல்லாத சொந்தம் கொண்டாடுறதுல என்ன பெருமை? வாட்ஸ்அப்புல வர்ற வரலாறுக்கும் தோண்டி எடுக்கிற வரலாறுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ரெண்டாவதுல ‘இது எப்படித் தெரியும்?’ங்கிற கேள்விக்கு எப்பவும் ஒரு பதில் இருக்கும்.

நடுவழி ஸ்டாப்பிங்ஸ்

பூண்டியிலேயே தமிழ்நாடு தொல்லியல் துறையோட தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கு. இந்தப் படுகையில கிடைச்ச கல் கருவிகளைக் கண்ணாடிக்குள்ள பக்கத்துல நின்னு பார்க்கலாம். கொஞ்ச தூரத்துல குடியம் மலைக் குகைகள். நடந்துதான் போகணும். பூண்டி ஏரி 1944-ல முடிஞ்சது. சென்னை மேயரா இருந்து இதுக்காகப் பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தி பேரைத்தான் அதுக்கு வெச்சிருக்காங்க. நாம சென்னையில குடிக்கிற தண்ணியில ஒரு பங்கு இந்த ஆத்துத் தண்ணி. 1996-லயிருந்து கிருஷ்ணா தண்ணியும் இங்கேதான் வந்து சேருது.

அதே மாவட்டத்துல பட்டறைப்பெரும்புதூர். 2015-16-ல தொல்லியல் துறை அகழாய்வு பண்ணின இடம். கற்கருவியிலயிருந்து உறைகிணறு வரைக்கும் பல காலத்துச் சாமான்கள் ஒரே ஊர்ல. திருவாலங்காடு? 1905-ல அங்கே 31 செப்பேடுகள் கிடைச்சுது. ராஜேந்திர சோழன் அந்தக் கோயிலுக்குப் பழையனூரைக் கொடுத்த பத்திரம் அது. தமிழ்லயும் சமஸ்கிருதத்துலயும் எழுதியிருக்கு. சோழர் பரம்பரையைத் தெரிஞ்சுக்க முக்கியமான ஆவணம்.

திருத்தணியை எடுத்துக்குங்க. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் அது ஆந்திராவுல இருந்தது. ம.பொ.சி. மாதிரியானவங்க போராடி, எல்லையைத் திருத்தி வாங்கினது. இன்னிக்கு அந்த ஊர் வீடுகள்ல தமிழும் தெலுங்கும் கலந்து பேசுறதுக்குப் பின்னாடி இவ்வளவு கதை இருக்கு. பக்கத்து சீட்டுப் பையன் வீட்டுல தெலுங்கு பேசுறான்னு கலாய்க்கிறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

லுங்கிக்குள்ள ஒரு ஊர்ப் பேர்

பொன்னேரியில இறங்கி பஸ் பிடிச்சா பழவேற்காடு. டச்சுக்காரங்க 1610-ல அங்கே வந்து கடை விரிச்சாங்க. 1613-ல கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடிச்சாங்க. பல வருஷம் சோழமண்டலக் கரையில அவங்களுக்குத் தலைநகரே அதுதான். கோட்டை இப்போ இல்லை. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் இருக்கு. வாசல்லயே ரெண்டு எலும்புக்கூடு சிலைங்க நின்னு வரவேற்கும். (செல்ஃபி எடுக்கிறவங்க கல்லறை மேல ஏறாம எடுங்கப்பா!)

அவங்க இங்கே வந்ததே துணிக்காகத்தான். நம்ம நெசவாளிங்க நெய்த கட்டம் போட்ட துணி கப்பல் கப்பலா கிழக்கே போச்சு. இன்னிக்கும் மலேசியாவுல கட்டம் போட்ட லுங்கிக்கு என்ன பேர் தெரியுமா? ‘காயின் பெலேகாட்’. பெலேகாட்னா பழவேற்காடு! அந்த ஊர்க்காரங்க தினமும் இடுப்புல கட்டிக்கிற துணியில நம்ம மாவட்டத்து மீனவ கிராமத்தோட பேர் இருக்கு. நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனா அதே துறைமுகத்துலயிருந்து துணி மட்டும் போகல. மனுஷங்களும் போனாங்க, அடிமையா. பஞ்ச காலத்துல சோத்துக்கு வழியில்லாம விற்கப்பட்டவங்களை டச்சுக் கப்பல்கள் பட்டேவியாவுக்கு, அதாவது இன்னிக்கு ஜகார்த்தாவுக்கு, ஏத்திக்கிட்டுப் போச்சு. விற்றதுலயும் பிடிச்சுக் கொடுத்ததுலயும் உள்ளூர் ஆளுங்களுக்கும் பங்கு உண்டு. எந்தப் பெருமிதப் பட்டியல்லயும் இது வராது. ஆனா வரலாறுன்னு சொன்னா வந்தாகணும். பெருமையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கிட்டா அது ஆல்பம். கல்யாண ஆல்பத்துல யாரும் அழுதுக்கிட்டு நிக்க மாட்டாங்க இல்லையா? அதுக்காக அந்தக் குடும்பத்துல யாரும் அழுததே இல்லைன்னு ஆயிடுமா?

மறுபடி வள்ளூர்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். வள்ளூர்ல (பேப்பர்ல வல்லூர்னும் எழுதுவாங்க) மின் நிலையம் வந்தது நேத்து. முதல் யூனிட் ஓட ஆரம்பிச்சது 2012-ல. மூணு யூனிட், ஒவ்வொண்ணும் 500 மெகாவாட், மொத்தம் 1,500. நம்ம ஹாஸ்டல் ஃபேன் ஓடுறதுல, போன் சார்ஜ் ஏறுறதுல அதுக்கும் பங்கு இருக்கு. மறுக்க முடியாது. ஆனா நம்ம நாட்டு நிலக்கரியை எரிச்சா நூறு கிலோவுக்கு முப்பது நாற்பது கிலோ சாம்பலாத்தான் மிஞ்சும். வட சென்னையில வரிசையா வந்த அனல் மின் நிலையங்களோட சாம்பல் ஆத்துலயும் கழிமுகத்துலயும் படிஞ்ச கதை பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் மீனவங்க வலையும் படகும் நாசமானதை டி.வி.-ல எல்லாரும் பார்த்தோம்.

தண்ணியைக் கேளுங்க. வள்ளூர்ல கொசஸ்தலைக்குக் குறுக்கே ஒரு அணைக்கட்டு இருக்கு. வாய்க்கால்ல தண்ணி திருப்பி விட்டு விவசாயம் பண்றதுக்காகக் கட்டினது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீர் ஒரு காலத்துல அவ்வளவு நல்ல தண்ணி. சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் சேர்த்து உறிஞ்ச உறிஞ்ச, 1960-கள் முடியறதுக்குள்ளயே கடல் தண்ணி உள்ளே புகுந்துடுச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. கிணறெல்லாம் உப்பு. அப்புறம் 2010-ல அதே பக்கத்துல, காட்டுப்பள்ளியில, கடல் தண்ணியைக் குடிநீராக்கற ஆலை வந்துச்சு. தினம் 10 கோடி லிட்டர். நல்ல தண்ணியை உப்பாக்கிட்டு, உப்புத் தண்ணியை நல்ல தண்ணியாக்க மிஷின் வாங்கியிருக்கோம்!

இதுவும் வரலாறுதான் ஃப்ரெண்ட்ஸ். செப்பேடும் கோட்டையும் மட்டும்தான் வரலாறுன்னு நாம நினைச்சுட்டோம். பக்கத்துத் தெருக் கிணறு எந்த வருஷம் உப்பாச்சுங்கிறதும் வரலாறு. அதை எழுதி வைக்க எந்த ராஜாவும் வர மாட்டார். நாமதான் எழுதணும். ‘இங்கே ஒண்ணுமே இல்லை, வெறும் தரிசு’ன்னு யார் வேணாலும் ஒரு ஊரைப் பத்திச் சொல்லிடலாம். அந்த ஊர்க்காரங்களே அதை நம்பிட்டாங்கன்னா, அங்கே எதைக் கொண்டு வந்து கொட்டினாலும் கேட்க ஆள் இருக்காது. ‘எங்க ஊர்ல சாம்பல்தான் ஸ்பெஷல்’னு சிரிச்சப்போ எனக்கு உறுத்தினது அதுதான்.

ஹால்ல என்ன பண்றது?

உங்க காலேஜ்ல இதே மாதிரி எந்த நிகழ்ச்சி நடந்தாலும் நாலு டிப்ஸ்:

ஒண்ணு: ரெக்கார்டு நோட்டை வீட்டுல வெச்சுட்டுப் போங்க. ஒரு துண்டுப் பேப்பர் போதும். பேச்சாளர் சொல்ற ஊர்ப் பேர், வருஷம் இதை மட்டும் குறிச்சுக்குங்க.

ரெண்டு: ‘இது எப்படித் தெரியும்? சான்று எங்கே இருக்கு?’ எந்தத் தலைப்புக்கும் பொருந்துற சூப்பர் கேள்வி. மரியாதையா கேளுங்க. நல்ல பேச்சாளர் சந்தோஷப்படுவார்.

மூணு: ‘எங்க ஊருக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?’ன்னு ஊர்ப் பேரைச் சொல்லிக் கேளுங்க. சென்னைன்னு சொல்லித் தப்பிக்காதீங்க!

நாலு: லீவு நாள்ல நாலு பேரா சேர்ந்து பூண்டியோ பழவேற்காடோ ஒரு நாள் போயிட்டு வாங்க. கல் கருவி மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா பாக்கெட்டுல போடாதீங்க. இடத்தோட போட்டோ எடுத்து, தொல்லியல் துறைக்கோ தாசில்தார் ஆபீஸுக்கோ தகவல் சொல்லுங்க. எந்த இடத்துல, எந்த மண் அடுக்குல கிடந்ததுங்கிறதுலதான் அதோட கதையே இருக்கு. எடுத்துட்டு வந்துட்டா அப்புறம் அது வெறும் பேப்பர் வெயிட்.

ஒரு போன் கால்

அன்னிக்கு ட்ரெயின்ல இதுல பாதியைத்தான் சொல்லியிருப்பேன். அத்திப்பட்டு வந்துடுச்சு. “நைஸ் அண்ணா”ன்னு சொல்லி நம்பர் வாங்கிக்கிட்டு இறங்கிட்டாங்க. ‘சும்மா மரியாதைக்கு வாங்கியிருப்பாங்க’ன்னு நான் மறந்தும் போயிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு போன். “அண்ணா, எங்க பாட்டிகிட்ட ஆத்தைப் பத்திக் கேட்டேன். ஒரு மணி நேரம் நிறுத்தாம பேசுது அண்ணா! நான் பொறந்ததுலயிருந்து இவ்வளவு பேசினதே இல்லை. அவங்க சின்ன வயசுல ஆத்துல இறங்கி, கையால தடவித் தடவியே இறால் பிடிப்பாங்களாம். வாயில பறியைக் கவ்விக்கிட்டு, பிடிக்கப் பிடிக்க அதுல போடுவாங்களாம். உப்பளத்துல வேலைக்குப் போனாங்களாம். ஏழெட்டு மீன் பேர் சொல்லிச்சு, அதுல ரெண்டு பேர் எங்க அம்மாவுக்கே தெரியலை. எல்லாத்தையும் போன்ல ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கேன்.”

“சூப்பர்ம்மா! பாட்டி கடைசியா என்ன சொன்னாங்க?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “‘இத்தினி நாளா யாருமே கேட்கலையே கண்ணு’ன்னு சொல்லிச்சு அண்ணா.”

இந்த வார அசைன்மென்ட்

உங்க வீட்டுல, இல்லைன்னா தெருவுல, அறுபது வயசைத் தாண்டின ஒருத்தர்கிட்ட போய் உட்காருங்க. மூணு கேள்வி போதும். நீங்க சின்ன வயசுல எங்கே குளிச்சீங்க? எந்தத் தண்ணியைக் குடிச்சீங்க? இந்த ஊருக்கு ஏன் வந்தீங்க? பதிலை அவங்க வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு, பத்திரமா வைங்க. கும்மிடிப்பூண்டி சிப்காட் குவார்ட்டர்ஸ்ல இருக்கிறவங்க, பீகார், ஒடிசாவுலயிருந்து வேலைக்கு வந்த அண்ணன்கள் பக்கத்து ரூம்ல இருந்தா அவங்ககிட்டயும் கேளுங்க. முகாம்ல இருக்கிற ஈழத்துச் சொந்தங்க வீட்டுலயும் கேளுங்க. பழவேற்காட்டுப் பசங்க, உங்க அப்பா தாத்தாகிட்ட ஏரியில ‘பாடு’ முறை வெச்சு மீன் பிடிக்கிறதைப் பத்திக் கேளுங்க. யார் எந்த நாள் எந்த இடத்துல வலை போடணும்னு அவங்களே முறை பிரிச்சுக்கிட்டு நடத்துற ஏற்பாடு அது. எந்த மேனேஜ்மென்ட் புத்தகத்துலயும் கிடைக்காது.

மார்க்கு கிடையாது. ஒரு கிரெடிட்கூட கிடையாது. ஆனா அடுத்த தடவை இன்டர்வியூவுல ‘டெல் மீ அபவுட் யுவர் நேட்டிவ் பிளேஸ்’னு கேட்டா, ‘நியர் சென்னை’ன்னு சொல்லி முழிக்க வேண்டியிருக்காது.

எழுதினதை எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க. அடுத்த வாரம் கடைசி பெஞ்சுல மீட் பண்ணுவோம்!